அழியாத நோட்டீஸ்

ஜெராக்ஸ் கடை வேலையில் நாளெல்லாம் காகிதம் கையில் படும். ஒன்றையும் வாசிக்க நேரம் இருக்காது. பத்தாவதோடு நின்றுவிட்டு, சிவகாசியில் தாலுகா ஆபீஸ் எதிரே இந்தக் கடையில் இருக்கிறேன். மனுவும் எழுதுவேன். பட்டாவுக்காக அந்த வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது புதுசாக இருக்காது.

கதவு எண்

மாரியக்கா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். ஓடைப் புறம்போக்கில், பாலத்தை ஒட்டி, தகரம் போட்ட வீடு. கல்யாணமானதிலிருந்து அங்கேதான். பட்டா கேட்டு மனு எழுத வந்தார். கதவு எண் கேட்டேன். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், இவர் யோசிக்கிறார். "சீக்கிரம் சொல்லுங்கக்கா" என்றேன்.

"கதவே சாக்குத்தான் தாயி, அதுல எங்கன நம்பர் எழுத?"

நனைந்த பை

ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் ஏறிவிட்டது. மறுநாள் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். ரேஷன் கார்டு, கரண்டு அட்டை, எல்லாம் சாக்கடை நாற்றம். ஃபேனுக்கு அடியில் காயவைத்து ஜெராக்ஸ் எடுத்தேன். வீட்டுச் சாமான் என்னாச்சு என்று கேட்டேன்.

"சாமான் போனாப் போவுது. அங்கன குடியிருந்தோம்னு சொல்ல இந்தப் பைய விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

சீல் வைத்த காகிதம்

பொங்கல் கழித்து ஒரு காகிதத்தை நீட்டினார். வேலைக்குப் போயிருந்த நேரம் தகரத்தில் சொருகிவிட்டுப் போனார்களாம். அரசாங்க சீல் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. பட்டா என்று நினைத்துவிட்டார். "அழியாமப் பண்ணிக் குடு தாயி" என்றார். கடையில் கூட்டம். நான் வாசிக்கவில்லை. லேமினேட் போட்டுக் கொடுத்தேன். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டும் வைத்திருக்கிறார்.

மாசியில் பாலத்தை அகலப்படுத்த ஆள் வந்தது. மாரியக்கா லேமினேட் போட்ட அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். வந்த அதிகாரி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"காலி பண்ணச் சொல்லி நோட்டீசும்மா இது. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் தரணும்னு போட்டிருக்கு. அது முடிஞ்சு போச்சே."

பதில் மனு

அன்றைக்கே பதில் எழுதிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். கெடு தாண்டியது என்று வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பொக்லைன் வந்தது. மாரியக்கா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளதான நீ, ஒருவாட்டி வாசிச்சிருக்கலாம்ல?"

வீடு இருந்த இடத்தில் இப்போது ஜல்லி கிடக்கிறது, அந்த நோட்டீசில் மட்டும் ஓர் எழுத்துகூட அழியவில்லை, என் வேலை அம்புட்டு சுத்தம்.