திருகாணி என்று சொன்னார்

வேலாயுத ஆசாரி போய்விட்டார் என்ற செய்தி ஒரு துணி முடிச்சாக என் கடை மேசைக்கு வந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருவில் உள்ள என் இரும்புச் சாமான் கடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் போய்விட்டான், அள்ளிக்கொண்ட சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டா போனான்? செமாபோக் பக்கத்து ஆள் ஒருவர் உள்ளே வந்தார். சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பியவர் என்பது, காலில் ஆறாத புண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது.

"ஆசாரி சொன்ன பாய் நீங்கதானே?" என்றார். இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து வைத்தார். "சயாம்ல காய்ச்சல்ல போயிட்டாரு. இதை அவரு சம்சாரத்துகிட்ட சேர்க்கச் சொன்னாரு. நேரா போய் நிக்க எனக்குத் தைரியம் வரல." முடிச்சுக்குள் ஒரு ஜோடித் தோடு இருந்தது.

எங்கள் காஜா பேராங் பக்கம் ஆசாரியைத் தெரியாதவர் யார்? அவர் செய்த அலமாரி உங்களில் பலர் வீட்டில் இருக்கிறது. கதவைத் திறக்கிறீர்கள், மூடுகிறீர்கள். அந்தக் கதவு தொங்காமல் நிற்பதற்காக அந்த மனுஷன் என் உயிரை எப்படி எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஸ்குரூ வாங்க வந்தால் டின்னை அப்படியே மேசையில் கவிழ்ப்பார். கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாக உருட்டுவார். கோணிக்கொண்டு உருண்டால் ஒரு பக்கம் தள்ளுவார். தலையில் இருக்கும் காடி நடுவில் வெட்டப்படவில்லையா, அதையும் தள்ளுவார். மரை மழுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். பின்னால் நாலு பேர் காத்து நிற்பார்கள். "பொண்ணு பார்க்க வந்தீரா, ஸ்குரூ வாங்க வந்தீரா?" என்று கேட்பேன். "பொண்ணுன்னா ஒருத்தியைப் பார்த்தா போதும் பாய். இதுல அத்தனையும் பார்க்கணும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எந்த வேலைக்கு எது என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கடல் காற்று அடிக்கிற ஊரில் இரும்பு துருப்பிடித்து மரத்தைக் கறுக்க வைக்கும், கீலுக்குப் பித்தளைதான் என்பார். ஆனால் பித்தளை மெத்து. செங்கால் போன்ற கெட்டி மரத்தில் நேரே முடுக்கினால் தலை முறிந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குரூவை விட்டு வழி உண்டாக்கி, அதைக் கழற்றிவிட்டு, பித்தளையில் கொஞ்சம் சோப்புத் தடவி ஏற்றுவார். நீளம் குறைந்தால் மட்டும் குரல் மாறிவிடும். "மேல இருக்கிற பலகை விருந்தாளி பாய். அடியில இருக்கிற மரம்தான் வீட்டுக்காரன். ஸ்குரூ வீட்டுக்காரனைப் பிடிச்சுக்கணும்" என்பார்.

ஒரு முறை பித்தளை என்று நான் கொடுத்தது முலாம் பூசிய இரும்பாக இருந்துவிட்டது. ஒரு காந்தத் துண்டோடு வந்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது, என் ஸ்குரூவைக் கொத்தாகத் தூக்கிக் காட்டினார். மொத்த வியாபாரி என்னையும் ஏமாற்றியிருந்தான். அதைச் சொல்லக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் நான் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே வந்து, என் கல்லாப் பெட்டியின் ஆடிக்கொண்டிருந்த மூடியைக் கேட்காமலே கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

எனக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உண்டு. அவரைச் சீண்டுவதற்காக, "ஸ்குரூ என்ன ஸ்குரூ, நல்ல தமிழில் திருகாணி என்று கேளும்" என்பேன். அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "திருகாணி பொண்டாட்டி தோட்டுல இருக்கிறது பாய். மரத்துல போறது ஸ்குரூ" என்று முடித்துவிடுவார். காஜா பேராங்கில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு.

ஜப்பான்காரன் வந்து என் கடையைத் துடைத்துக்கொண்டு போனபின், ஆசாரி தன் கல்யாண அலமாரியிலேயே கை வைத்தார். அதன் கீல்களில் இருந்த நீளப் பித்தளை ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு டின்னில் போட்டு, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார். "நல்ல வேலை ஒண்ணு வரும், அப்ப எடுத்துக்கலாம்" என்றார். அலமாரிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதே பெட்டியில்தான் அவர் மனைவி மரகதம் தன் தோட்டையும் ஒளித்துவைத்திருந்தாள். அந்தக் காலத்தில் யார் காதில் நகை போட்டுக்கொண்டு நடந்தார்கள்?

அந்த நல்ல வேலை பண்டார் ஹிலிரில் ஒரு ஜப்பான் அதிகாரியின் பங்களாவில் வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி. அப்போது சயாமுக்குத் தெருத்தெருவாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி அதிகாரிக்குப் பிடித்துவிட்டால் ஆசாரியை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும், பிறகு அவரை யாரும் பிடிக்க முடியாது என்றும் பேச்சு. அவரும் மரகதமும் அதை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீதியை அந்தச் செமாபோக் ஆள் சொன்னார். சயாமில் ஆசாரி அவருக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தாராம்.

கடைசி நாள், கதவு மாட்டுவது ஒன்றுதான் பாக்கி. சாயங்காலம் பெரிய அதிகாரி ஒருவன் விருந்துக்கு வருவதாக இருந்தது. கண்ணாடி கனம், அங்கே கிடந்ததெல்லாம் பழைய சரக்குப் பெட்டியில் பிடுங்கிய குட்டை இரும்பு ஸ்குரூ. வீட்டு டின்னை எடுத்துவர அவரை வெளியே விடவில்லை. காவலுக்கு நின்றவனிடம் கையைக் காட்டி "ஸ்குரூ, ஸ்குரூ" என்றிருக்கிறார். இங்கிலீஷ் வார்த்தை பேசுகிறாயா என்று கன்னத்தில் அறைந்தான். அந்த அறை காதில் இரைந்துகொண்டிருக்கும்போதே, பங்களாத் தோட்டக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். காவல்காரன் பக்கத்திலேயே நின்றான். வாயில் வந்த ஸ்குரூவை விழுங்கிவிட்டு, "பெட்டியில இருக்கிற திருகாணியை வாங்கிட்டு வாங்க, அவசரம்" என்றார். வாழ்நாளில் ஒப்புக்கொள்ளாத என் சொல்லை அன்றைக்குத்தான் சொன்னார்.

மரகதத்தைக் குறை சொல்ல முடியுமா? நகையைக் கொடுத்துப் புருஷனை மீட்ட கதை அப்போது தெருவுக்கு ஒன்று இருந்தது. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தாள், டின்னை ஒதுக்கிவிட்டு, தோட்டை முடிந்து கொடுத்தாள்.

முடிச்சைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டாராம் ஆசாரி. "அதை அந்த அதிகாரிகிட்டயாவது நீட்டியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். "யாருகிட்ட நீட்டுறது, என்ன பாஷையில சொல்றதுன்னு தெரியலையாம் பாய்" என்றார் அவர். ஆசாரி குட்டை ஸ்குரூவிலேயே கதவை மாட்டினார். விருந்தாளிக்குக் காட்ட அதிகாரி கதவைத் திறந்தபோது மேல் கீல் பிய்த்துக்கொண்டு வந்து கண்ணாடி தரையில் நொறுங்கியது. விடிந்ததும் அவரைச் சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் எவ்வளவு பசியிலும் அந்தத் தோட்டை அவர் விற்கவில்லை. "நான் தோடுதான் கேட்டேன்னே அவ நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்பதுதான் அவர் சொல்லி அனுப்பிய கடைசி வார்த்தை.

தோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கல்யாண அலமாரி இன்னும் கயிற்றுக் கட்டோடு நின்றது. மரகதம் முடிச்சைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நான் வாய் திறக்கவேண்டியிருக்கவில்லை. "அந்த ஜப்பான்காரன் வாங்கிக்க மாட்டேன்னுட்டானா பாய்? பத்தலையா? நான் தாலியையும் சேர்த்துக் கொடுத்திருக்கணும்" என்றாள்.

"கொடுக்க அவருக்கு மனசு வரல தங்கச்சி" என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? அல்லாஹ் அறிவான், அந்த இடத்தில் எதைச் சொன்னாலும் அவள் தலையில்தான் விழும்.

தோட்டைப் பெட்டியில் வைக்கக் குனிந்தவள் அந்த டின்னை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இந்த ஸ்குரூவெல்லாம் இனி எனக்கு எதுக்கு பாய்? கடையில ஆகும், கொண்டு போங்க."

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். மரகதத்துக்குப் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

டின்னைக் கடைக்குக் கொண்டுவந்து கண்ணாடி மேல் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாக உருட்டினேன், எல்லாம் நேராக உருண்டது. அந்த டின்னை நான் விற்கப்போவதில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுவும், அவர் என்னிடமிருந்து ஒரே ஒரு முறை வாங்கிக்கொண்ட அந்தச் சொல்லும்தான். நேற்று ஒருவர் வந்து, நல்ல தமிழில், திருகாணி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.