ரப்பர் பாலில் ஒட்டிய கிரிக்கெட் கார்டுகள்

1996 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. விடியும் முன்பே அம்மா ரப்பர் பால் வெட்டப் போனார். அப்பா ரப்பர் ஸ்டோருக்குப் போனார். நான் வாசல் கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, தம்பிக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். பிறகு என் கார்டுகளை நாடு வாரியாகப் பிரித்து அடுக்கினேன்.

எனக்குப் பத்து வயது. இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பள்ளி விடுமுறை.

பபிள்கம் பாக்கெட்டில் வரும் கிரிக்கெட் கார்டுகள் அவை. முன்னால் வீரரின் படம், பின்னால் அவருடைய ஓட்டங்களும் விக்கெட்டுகளும். இருவர் ஆளுக்கொரு கார்டை மறைத்துப் பிடிப்போம். ஓட்டமா, விக்கெட்டா என்று ஒருவர் கேட்க, மற்றவர் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருடைய எண் பெரிதோ, இரண்டு கார்டும் அவருக்கு.

எனக்கு பபிள்கம் யார் வாங்கித் தந்தார்கள்? என் கார்டுகள் பெரும்பாலும் ஆடி ஜெயித்தவைதான். பாதையோரம் ஆடும் சிங்களப் பையன்கள் தோற்றால், "ஹரி நங்கி" என்று கார்டை நீட்டிவிடுவார்கள். சரி தங்கச்சி... அதோடு முடிந்தது.

சொந்தக்காரர்களிடம் அப்படி முடியுமா?

சித்திரை வருஷத்துக்கு ஓப்பநாயக்கவிலிருந்து அத்தை வந்திருந்தார். கூடவே மகன் ரவி. என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனாகத்தான் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். மதியத்துக்குள் கையில் இருந்ததையெல்லாம் தோற்றான். நேரே போய் அத்தையிடம் சொன்னான். அவனுடையதை மட்டுமல்ல, என்னுடையதையும் சேர்த்துக் கேட்டார் அத்தை.

"கட்டிக்கப் போறவன் கேக்குறான். எல்லாத்தையும் குடுத்துடு புள்ள."

முறைமாப்பிள்ளையாம். பத்து வயதில்.

வேலை முடிந்து வந்த அம்மாவிடம் வழக்கு போனது. நாத்தனார் எதிரே அவர் என்ன சொல்வார்? காலையில் அவர்கள் பஸ் ஏறும்போது கொடுத்துவிடச் சொன்னார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எல்லோரும் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் குளிக்கப் போனார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிழிந்த பள்ளிக் கொப்பிக்கும், வாய் பிளந்த செருப்புக்கும் ரப்பர் பால்தான் பசை. தம்பியின் செருப்புக்காக அம்மா அன்று ஒரு சிரட்டையில் பால் கொண்டுவந்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். ஒவ்வொரு கார்டின் முதுகிலும் பாலைத் தடவி, நாடு வாரியாக, வரிசை கோணாமல் கதவில் ஒட்டினேன். எண்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. இனி யாரும் அவற்றை வைத்து ஆட முடியாது — நானும்தான். பரவாயில்லை.

திரும்பி வந்ததும் ரவி ஒரு மூலையை நகத்தால் நெம்பினான். மூலை மடங்கியதே தவிர கார்டு வரவில்லை.

"என்னடி இது?" என்றார் அத்தை.

"எடுத்துக்கங்க அத்தை. கதவத்தான் தூக்கிட்டுப் போகணும்."

தம்பி சிரித்துவிட்டான். அத்தையின் முகம் சிவந்தது.

"இந்த வாய்க்கு எம்மவன் ஒன்னயக் கட்ட மாட்டான்."

"சரிங்க அத்தை."

அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேட்டதும் கொடுத்துவிடுகிற பெண்ணுக்குத்தான் நம் வீடுகளில் 'நல்ல பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நான் விண்ணப்பிக்கவும் இல்லை.

அம்மா கார்டுகளையெல்லாம் சுரண்டி எடுத்துவிடுவாரோ என்ற பயத்தோடுதான் படுத்தேன்.

மறுநாள் காலை, பால் வெட்டும் கத்தியோடு அம்மா வெளியே வந்தார். முதல் வேலையாக, ரவி நெம்பிய மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு வேலைக்குப் போனார்.