வெறும் துண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் வேரம்மா என்றுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் வேரை வெட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பது? நுண்ணோக்கி அறை என் பொறுப்பு. அதனால் அவள் புலம்பல் முழுவதும் என் காதில்தான் விழும்.

ஒரு செடியின் வேரில் ஆல்கலாய்டு என்ற கசப்புப் பொருள் ஊறுகிறது. அதை உண்டாக்கும் நொதி வேர்ச் செல்லுக்குள் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. நொதியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பச்சைச் சாயத்தை வேர்த்துண்டின்மேல் விட்டுப் பார்த்தாள். செல்லின் சுவர்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. நொதி சுவரில்தான் இருக்கிறது என்று பேராசிரியர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கட்டுரை வெளியானால் அவளுக்கு வேலை நீட்டிப்பு; இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கட்டுரையை அனுப்பப்போகும் நேரத்தில், சாயமே விடாத வெறும் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தாள். அதுவும் ஒளிர்ந்தது; அப்படியானால் சுவரில் கண்ட ஒளி சாயத்துடையதே இல்லை. ஆரம்பத்தில் இளவேரில் பார்த்தபோது வெறும் துண்டு இருட்டாக இருந்ததாம், அதோடு விட்டுவிட்டார்கள்; பிறகு சாயம் விட்டுப் பார்த்ததெல்லாம் முற்றிய வேர். முற்றிய வேர் தானாகவே ஒளிரும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் சேர்ந்து என்னத்தைக் கிழித்தோம்?

"இப்போ போய் இதை எதுக்கும்மா பார்த்தே?" என்றார் பேராசிரியர்.

"பார்த்துட்டேனே சார். இனிமே பார்க்காத மாதிரி எப்படி இருக்கறது?"

கட்டுரை நின்றது. வேரின் சொந்த ஒளியோடு கலக்காத சிவப்புச் சாயத்தை வைத்து முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "பேசாம அந்த வேரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று வீட்டுக்காரர் கேலி செய்தாராம். சிரிக்கக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.

மாதக் கடைசி வந்தது. அன்று திரையில், சில செல்களில் மட்டும், நடுவிலுள்ள நீர்ப்பையைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தது. சுவரில் ஒன்றுமில்லை. நான் கத்தியே விட்டேன். அவள் வெறும் துண்டை எடுத்து வைத்தாள். திரை கும்மிருட்டு; சிவப்பு வளையம் சாயத்துடையதுதான். அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே அவள் அழுதாள்.

பேராசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வெறும் துண்டு?"

"முத்தின வேர்தான் சார். இருட்டு."

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "நீட்டிப்புக்கு இன்னைக்கே எழுதறேன். வேற என்னம்மா வேணும் உனக்கு?"

"தூங்கணும் சார்."