பரிசாக வந்த மவுஸ்

மூன்று பக்கம் முடிந்ததும் அக்கா வலது கையைத் தெர்மாமீட்டர் உதறுவதுபோல் உதறுவார். "தூங்கிடுச்சு, எழுப்புறேன்" என்று கையைத்தான் சொல்வார். பிறகு மறுபடி மவுஸைப் பிடிப்பார்.

எங்கள் அச்சகத்தில் பாடநூல்களைப் பக்கம் பக்கமாக வடிவமைப்பவர் இவர். எல்லோருக்கும் லேஅவுட் அக்கா. படம் மயிரிழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் பிழை திருத்தும் எனக்கு அது நேராகத்தான் தெரியும். சொன்னால், "கண்ணாடிய மாத்து" என்பார்.

செருப்பு வாங்கப் போனால் ஒன்பது ஜோடி போட்டுப் பார்ப்பார். கடைக்குள் இரண்டு சுற்று நடப்பார். ஒருமுறை மாடிப்படி ஏறி இறங்கியும் பார்த்தார். கடைக்காரர் முகம் சுளித்தால், "நடக்கப்போறது நீங்களா, நானா?"

அப்பேர்ப்பட்டவர் தினமும் ஒன்பது மணி நேரம் பிடித்த மவுஸைப் பற்றி வாயே திறந்ததில்லை. காரணம், அது பரிசு. ஆறு வருடத்துக்கு முன் சிறந்த ஊழியர் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கொடுத்தது. பக்கவாட்டில் நீல விளக்கு, ஆமை முதுகு. அக்காவுக்கோ சின்னஞ்சிறு கை. பொத்தானை எட்டுவதற்காக விரல்களை நீட்டி, மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, நாள் முழுக்க அதனுடன் மல்லுக்கட்டுவார். மாற்றச் சொன்னால், "பரிசைத் தூக்கி மூலையில போட்டா அவர் மனசு நோகாதா?" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை அந்த மவுஸின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மை என்று நினைத்தேன். அக்கா டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தால், அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் ஸ்டேப்ளர் பின் ஒன்று பாதிவரை ஏறியிருக்கிறது. கத்திவிட்டேன். அக்கா மவுஸைப் பார்த்தார்.

"அய்யய்யோ, யாரோட ரத்தம் இது?"

ரத்தத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. பின் ஏறியதே தெரியாதவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று மாதம் பார்ப்போம், சரியாகாவிட்டால் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகும் போன உணர்வு முழுசாகத் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அக்கா, "இந்தக் கைய நம்பித்தான் ரெண்டு பிள்ளைங்க படிக்குது" என்றார்.

அன்று மாலையே கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அக்காவின் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு ரேகை வரை அளவுகோல் வைத்தார். பதினாறு சென்டிமீட்டர். பழைய மவுஸை வாங்கிப் பார்த்து வாயைப் பிளந்தார். "இது பெரிய கைக்குச் செஞ்சதும்மா! இதையா ஆறு வருஷம் பிடிச்சீங்க?" கை குலுக்குவதுபோல் சாய்த்துப் பிடிக்கும் மவுஸ்களில் சிறியவற்றை எடுத்து வைத்தார். "உள்ளங்கை முழுசா உக்காரணும். விரலை நீட்டாமலே பட்டன் எட்டணும். மணிக்கட்ட மடக்காதீங்க, முழங்கையிலருந்து நகர்த்துங்க."

அக்கா ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நான்காவதில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "விரல் பட்டன் மேலதான் இருக்கா? பாத்துச் சொல்லு." இருந்தது. தலையாட்டினேன்.

மறுநாள் மேலாளர் புது மவுஸைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நான் குடுத்ததுக்கு என்ன குறைச்சல்? கடையில நானே பிடிச்சுப் பார்த்து வாங்கினேன். அவ்வளவு கச்சிதமா இருந்துச்சு!"

அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கூடப் பேசாதவர் அக்கா. எழுந்தார். மேலாளரின் வலது கையைப் பிடித்து விரித்தார். தன் உள்ளங்கையை அவர் உள்ளங்கையோடு சேர்த்து, மணிக்கட்டுக்கு மணிக்கட்டு பொருத்தி, இரண்டு கைகளையும் அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அக்காவின் விரல்கள் முடிந்த இடத்துக்கு மேலே, அவருடைய விரல்கள் ஒரு கணு உயரத்துக்கு நின்றன.