ஓட்டையில்லாத கீரை

அளவெட்டி ஊரில் பராசக்தியோடு கடைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை. போனால் மானம் போகும். முன்னால் நிற்கிறவள் நூடில்ஸ் பக்கற் ஒன்றைப் பைக்குள் போட்டால் போதும், பராசக்தி "சீ" என்பாள். மெதுவாகச் சொல்வதாக அவள் நினைப்பு. கடைக்காரனுக்கும் கேட்கும், வாசலில் சைக்கிளைப் பூட்டுகிறவனுக்கும் கேட்கும். சிவப்புச் சாயம் போட்ட இனிப்புத் தண்ணீர், எண்ணெய் ஊறிய பொரியல் பைகள், வாயில் ஒட்டும் கிறீம் பிஸ்கற், எல்லாவற்றுக்கும் அதே சீதான். அருவருப்பு அவளுக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருந்தது.

அந்த மூக்கைத் தூக்கிப் பிடிக்க அவளுக்குக் காரணமும் இருந்தது. கணவன் முருகேசு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் நிருஷன், நாலரை வயது மகள் ஆரணி, தான் என்று நாலு வயிற்றை அவள் வாரத்துக்கு ஐயாயிரம் ரூபாவுக்குள் பார்த்துக்கொண்டாள். காலையில் குரக்கன் பிட்டு, இல்லாவிட்டால் அவித்த கௌபிப் பயறு. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, வேலி முருங்கையில் ஒடித்த இலையில் ஒரு வறை, ஒரு கீரைக்கறி. சூடை மீன் மலிந்து கிடக்கும் நாளில் சூடை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முட்டை. பெரியவர்களுக்கு முட்டை ஆசை இருக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், முருகேசு அதற்கு எதிராக ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இந்தப் பிடிவாதமெல்லாம் ஆரணியால் வந்தது. இரண்டரை வயதில் பிள்ளையின் எடைக்கோடு கிளினிக் அட்டையில் பச்சையை விட்டுக் கீழே இறங்கியது. மருத்துவமாது அட்டையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு என்னதான் குடுக்கிறனீங்கள்?" என்று வாங்கில் இருந்த தாய்மார் எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். பராசக்திக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அன்று தொடங்கி இரண்டு வருடம், கிராம் கிராமாக, அந்தக் கோட்டை அவள் திரும்பப் பச்சைக்கு ஏற்றினாள்.

ஏற்றியது கிணற்றடிப் பாத்தி. வீட்டுக்குப் பின்னால் நாலே நாலு பாத்தி, கீரையும் வல்லாரையும் கொஞ்சம் வெண்டியும். அதில் ஒரு சொட்டுப் பூச்சி மருந்து படக்கூடாது. இலையெல்லாம் ஓட்டை. புழுவைத் தட்டித் தட்டித்தான் ஆய வேண்டும். "புழுவே தின்னப் பயப்பிடுற கீரையை மனிசர் தின்னலாமோ?" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பாள்.

முருகேசுவின் தோட்டம் ஒழுங்கைக்கு அப்பால், நாலு பரப்புக் குத்தகைக் காணி. அங்கே சங்கதி வேறு. ஓட்டை விழுந்த இலையை வியாபாரி கையாலும் தொடமாட்டான். ஆகவே பின்னேரம் மருந்தடிப்பு, அடுத்தநாள் விடிய வெட்டு. அடித்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலில் எழுதித்தான் இருந்தது. எழுத்து சின்னது, அவசரம் பெரியது. ஊரில் பாதிப்பேர் செய்வது அதுதான். முருகேசு மருந்து மெசினை முதுகிலிருந்து இறக்கிவிட்டு வந்தால், குளிக்கும்வரை ஆரணியைத் தூக்க பராசக்தி விடமாட்டாள். அவன் கழற்றிப் போட்ட சேட்டைத் தடியால் தூக்கித் தனி வாளிக்குள் போடுவாள். அந்த மணம் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஆனால் அந்தத் தோட்டத்துக் கீரையைப் பிடிபிடியாகக் கட்டிக் கொடுப்பது அவள்தான். வாழைநார் அறுந்துபோகிறது என்று, தங்கையின் கலியாணத்துக்கு உடுத்து நைந்துபோன மஞ்சள் பூப் போட்ட பச்சைச் சேலையைக் கீலம் கீலமாகக் கிழித்து அதனால் கட்டினாள். ஒருநாள் நிருஷன் கறிக்கென்று அதில் ஒரு பிடியை அவிழ்த்துவிட்டான். பாய்ந்து பறித்தாள்.

"வையடா! உது விக்கிற கீரை."

"ஆரம்மா வாங்கிறது?"

"ஆரோ. லொறியிலை கொழும்புக்குப் போகுது. ஆரோ தின்னட்டும்."

கடைக்கு வருகிறவளின் பைக்குள் எட்டிப் பார்த்துச் சுருங்கும் அந்த மூக்கு இதற்கு மட்டும் சுருங்கவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

இந்தத் தவணை ஆரணியின் முன்பள்ளியில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். சாமான் ரீச்சர் வாங்கி வைப்பார், தாய்மார் முறைவைத்துச் சமைப்பார்கள். அதே மாதம் ஆரணியின் எடை ஏறாமல் நின்றது. பராசக்தி யோசிக்கவே இல்லை, பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அங்கே கொடுக்கும் ரொபி மிட்டாயிலும் கேக்கிலும் பழியைப் போட்டாள். தன்னுடைய சமையல் முறை வந்த அன்று வாய் நிறையச் சண்டையோடு போனாள்.

"ரீச்சர், உந்தக் கண்டறியாத சாமானெல்லாம் பிள்ளையளுக்கு ஏன் குடுக்கிறியள்?"

ஜெயனி ரீச்சர் இளம் பிள்ளை, நல்ல மனம். கோபிக்கவில்லை.

"அக்கா, பிறந்தநாளை விடுங்கோ. சாப்பாட்டிலை நான் ஒரு குறை விடேல்லை. ஒவ்வொரு நாளும் கீரை. முதல்நாளே சந்தைக்குப் போய்த் தெரிஞ்செடுத்து வாறனான். வந்து பாருங்கோவன், ஒரு ஓட்டை இருக்கோ எண்டு!"

முன்பள்ளிக் குசினியில், அடுப்போரத்து மேசையில் ஐந்து பிடி கீரை இருந்தது. அகன்ற, பளபளத்த, முழு இலைகள். ஒவ்வொரு பிடியின் இடுப்பிலும் பச்சைத்துணி, மஞ்சள் பூ.

பராசக்தி ஒரு பிடியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். கழுவ முன் முருகேசுவின் சேட்டில் இருக்கும் அதே மணம், இலேசாக. முந்தாநாள் பின்னேரம் அடித்தது, நேற்று விடிய வெட்டியது. கட்டியது அவள் கை. கொழும்பு லொறிக்கு மிஞ்சியதைச் சந்தையில் இறக்குகிறான் வியாபாரி என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். நினைக்கத்தான் விரும்பியதில்லை.

"எப்ப தொட்டு உதை வாங்கிறியள்?"

"தொடங்கின நாள் தொட்டு. துணியாலை கட்டின பிடிதான் நல்லது அக்கா, நான் வேறை எடுக்கிறதில்லை."

அப்போது ஆரணி ஓடிவந்து பராசக்தியின் சேலையைப் பிடித்தாள். "அம்மா, இஞ்சத்தைக் கீரைதான் எனக்கு விருப்பம். எங்கடை மாதிரிப் புழு இல்லை."

அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. கடையில் வருவது போல மூக்கில் நிற்கும் அருவருப்பா அது? பராசக்தி கொல்லைப்பக்கம் ஓடி, மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். இருபத்தாறு பிள்ளைகள், ஒரு மாதம். அதில் ஒன்று தன்னுடையது என்று தெரிந்த பிறகுதான் வாந்தி வந்தது என்பதை நினைக்க இன்னொரு முறை வந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னாள். "ரீச்சர், உது எங்கடை தோட்டத்துக் கீரை. மருந்தடிச்சு ரெண்டு நாள் ஆகேல்லை. உதைச் சமைக்காதையுங்கோ."

ஜெயனியின் முகம் வெளிறியது. பிறகு, "தெரிஞ்சுகொண்டோ அக்கா வித்தனீங்கள்?" என்று கேட்டாள்.

பராசக்தி சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கிணற்றடிப் பாத்தியில் இருந்த கீரை முழுவதையும், கையளவு வளராததைக்கூட விடாமல், அரிந்து பனையோலைக் கடகத்துக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். இருபத்தாறு பிள்ளைக்கும் ஆளுக்கு இரண்டு கரண்டி வந்தது. ஆரணி அம்மாவை முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பின்னேரம் முருகேசு மருந்து மெசினுக்குத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்கு வந்தவன் மொட்டைப் பாத்தியைக் கண்டு நின்றான். "என்னப்பா இது, ஆடு பூந்ததே?"

முன்பள்ளியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த கீரைப்பிடி ஒன்றை அவள் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

"இரவைக்கு உதைச் சமைக்கட்டோ?"

"உமக்கென்ன விசரே? உது விக்கிற கீரை எல்லோ!"

"ஓம். உங்கடை மகள் ஒரு மாசமா அதைத்தான் முன்பள்ளியிலை தின்னுறாள்."

முருகேசு வாளியைக் கீழே வைத்தான். பிடியைக் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். முகம் கறுத்துப்போனது. கிணற்றுக்கட்டில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். நல்ல மனிசன்தான், பிள்ளை என்றால் உயிர். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவன் போல எழும்பினான்.

"சரியப்பா. நாளையிலை இருந்து தோட்டத்திலை ஆறு பாத்தியை மருந்தடியாமல் பள்ளிக்கூடத்துக்கெண்டு விடுவம். ரீச்சரிட்டை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். மற்றது லொறிக்குப் போறதுதானே. ஆரோ தின்னட்டும்."

சொல்லிவிட்டு மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினான்.

"சீ" என்றாள் பராசக்தி. இந்த முறை உண்மையாகவே மெதுவாகத்தான் சொன்னாள். முருகேசுவுக்குக் கேட்கவில்லை.