வெங்காய வண்டியில் வெள்ளிமலைக்கு

கொரோனா ஊரடங்கில் எங்கள் மெத்தைக் கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கள்ளக்குறிச்சியில் கடைக்கு மேல்மாடிதான் வீடு. கீழே விற்காத மெத்தைகள், மேலே நானும் என் மனைவி ரெஹானாவும். பொழுது போகாமல் கைப்பேசியில் வீடியோ பார்க்கப் பழகினேன். வேனுக்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஊர் ஊராகப் போய் ஏரிக்கரையில் தூங்கி எழுகிறவர்களின் வீடியோக்கள். ஒரு நாள் ரெஹானாவிடம் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வண்டிய யாரு ஓட்டுறது?"

நியாயமான கேள்வி. எனக்கு ஓட்டத் தெரியாது. உரிமத் தேர்வில் ஆங்கில எழுத்து ‘எச்’ போடச் சொன்னார்கள். நான் போட்டது எந்த மொழி எழுத்து என்று ஆய்வாளருக்கே புரியவில்லை. ரெஹானா அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவள் அத்தாவின் லோடு வேனை ஓட்டியவள். ஆகவே அவள் ஓட்டுநர், நான் முதலாளி என்று முடிவானது. முதலாளி என்றது நான். அவள் "கிளீனர்" என்றாள்.

கடை திறந்து வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்ததும் வண்டி தேடினோம். வெங்காய வியாபாரி இஸ்மாயில் பாய் புதிதாகச் சரக்கு ஆட்டோ வாங்கியிருந்தார். தெருத்தெருவாக வெங்காயம் விற்ற பழைய வேனைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தாயிரம் சொன்னார், அறுபத்தைந்துக்கு முடிந்தது. ரெஹானா குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தாள், எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தாள், மைதானத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். நான் டயரைக் காலால் உதைத்தேன். வீடியோவில் எல்லோரும் உதைக்கிறார்கள்.

"இன்னா பாய், உள்ள இப்டி நாறுது?" என்றாள் ரெஹானா.

"வெங்காயம்மா. ஒரு வாரம் கதவத் தொறந்து போட்டா போய்டும்."

போகவில்லை. எலுமிச்சை, அடுப்புக்கரி, கற்பூரம் எல்லாம் வைத்துப் பார்த்தோம். கடைசியில் கற்பூரம் போட்டு வதக்கிய வெங்காயம் மாதிரி ஒரு வாசனையில் வந்து நின்றது. பழைய வண்டி வாங்குகிறவர்களே, அதில் முன்பு என்ன ஏற்றினார்கள் என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. கூரையில் ஒரு ஒலிபெருக்கி, உள்ளே ஒரு மைக், இரண்டையும் இணைத்து இஸ்மாயில் பாயின் பதிவு செய்த குரல். "வாங்கம்மா வாங்க! நாலு கிலோ வெங்காயம் நூறு ரூபா!" எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மைக்கை விட்டுவிட்டு அந்தக் குரலின் ஒயரை மட்டும் வெட்டச் சொன்னேன். வெட்டினார். அதன் பிறகும் வண்டி பள்ளத்தில் இறங்கினால் குரல் வந்தது. இஸ்மாயில் பாயிடம் முறையிட்டேன். "அது ஒரு நேரம் பாடும், ஒரு நேரம் பாடாது. உட்டுடுங்க, வண்டிக்கு ஒரு கலகலப்பு" என்றார்.

கட்டில் வேலையை ஒரு ஆசாரி செய்து கொடுத்தார். ஆணி அடிக்காதீர்கள், போல்ட் போடுங்கள், வேண்டுமானால் கழற்றலாம் என்று ரெஹானா நின்று செய்ய வைத்தாள். மெத்தை என் இலாகா. நாலு அங்குலம் போதும் என்றார் ஆசாரி. மெத்தைக் கடைக்காரன் சொந்த வண்டிக்கு நாலு அங்குலம் போடுவதா என்று எட்டு அங்குலம் போட்டேன். படுத்துப் பார்த்தால் மூக்குக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சப்பாத்தியை நுழைக்கலாம். புரண்டு படுக்க வேண்டுமானால் இறங்கி, புரண்டு, மறுபடி ஏற வேண்டும்.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து மறுநாள் காலை கிளம்பினோம். முதல் பயணத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த மலையூர் வெள்ளிமலை, கள்ளக்குறிச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. எந்த ரோட்டில் மறியல் என்று விசாரிக்காமல் யாரும் வெளியூர் கிளம்பமாட்டார்கள். நாங்களும் டீக்கடையில் விசாரித்தோம். "இன்னிக்கு ஒண்ணும் கெடையாது பாய், தாராளமா போங்க" என்றார் கடைக்காரர். இந்தக் கட்டுரை இவ்வளவு நீளமானதற்கு அவரும் ஒரு காரணம்.

ஊரைத் தாண்டிய முதல் வேகத்தடையிலேயே இஸ்மாயில் பாய் பாட ஆரம்பித்தார். அப்போது வெங்காயம் விலை அதைப்போல இரண்டு மடங்கு. நூறு ரூபாய்க்கு நாலு கிலோ என்றதும் இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் பெண்கள் முறத்தோடும் பையோடும் ஓடி வந்தார்கள். ஒரு அம்மா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, திரைச்சீலையையும் மெத்தையையும் கண்டுவிட்டு, "இன்னாய்யா, வெங்காயத்துக்கு மெத்தையா?" என்றார். ரெஹானா ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

வடக்கனந்தலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ரோட்டின் குறுக்கே ஒரு டிராக்டர். அதன் முன்னால் நூறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். மரத்தடியில் போலீஸ்காரர்கள். மலைக்குப் போகும் பேருந்து ஒன்று காலியாக நிற்க, அதில் வந்தவர்கள் புளியமர நிழலில் நின்றார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி நேராக எங்களிடம் வந்தார். பெயர் பச்சையம்மா என்று பிறகு தெரிந்துகொண்டோம். மலைக்காரர்.

"எம்மா, மேல போற வண்டியா இது?"

"ஆமாங்க" என்றாள் ரெஹானா.

"எங்களயும் ஏத்திக்கினு போம்மா. விடிஞ்சா என் புள்ளைக்குக் கல்யாணம். தாலி, துணிமணி எல்லாம் எங்கிட்டதான் கீது. அதோ நிக்கிறான் பாரு, மாப்ள."

மாப்பிள்ளை, ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தான். பெயர் சின்னசாமி. கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை. அவர்களோடு சொந்தக்காரர்கள் சேர்த்து ஒன்பது பேர். டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டார்கள். ஊரடங்கால் ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போன கல்யாணம்.

"இன்னொரு வாட்டி தள்ளிப்போச்சின்னா பொண்ணு வூட்ல பேச்சே முறிஞ்சிடும்" என்றார் பச்சையம்மா. இவ்வளவு நேரம் அதட்டலாகப் பேசியவருக்கு அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

"போன் பண்ணிச் சொல்லலாமே" என்றேன்.

"அங்க டவர் கெடையாதுங்க" என்றான் மாப்பிள்ளை அண்டாவுக்குப் பின்னாலிருந்து.

"ஏறுங்க" என்றாள் ரெஹானா.

"கட்டில் இருக்கே?" என்றேன் நான். அவள் என் கையில் ஸ்பேனரை வைத்தாள்.

பல நாள் பார்த்துப் பார்த்துச் செய்த கட்டிலை நடுரோட்டில் கழற்றினேன். பலகைகளை வண்டித் தரையில் அடுக்கி, மெத்தையைச் சுருட்டிக் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, போராட்டத்தை முன்னின்று நடத்திய வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது. கையிலிருந்த மெகாபோனுக்கு பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் பார்வை எங்கள் ஒலிபெருக்கி மேல் விழுந்தது.

"பாய், இது வேல செய்யுதா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ரெஹானா முந்திக்கொண்டாள். "செய்யும்ணே. பேசிக்கோங்க. பேசி முடிச்சதும் எங்களுக்கு வழி உடணும். உள்ள கல்யாண மாப்ள கீறாரு."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், தலையாட்டினார். மைக்கை வாங்கிக்கொண்டு தொடங்கினார். நன்றாகவே பேசினார். "என் பையன் எம்.எஸ்சி. படிச்சிட்டு சும்மா கீறான். இங்க குந்தினு இருக்கிற ஒவ்வொருத்தன் வூட்லயும் ஒரு புள்ள அப்டி கீது. நாங்க பிச்ச கேக்கல. எங்க உரிமைய எங்களுக்கு..."

"நாலு கிலோ வெங்காயம் நூறு ரூபா! வாங்கம்மா வாங்க! பொறுக்கி எடுத்துக்கலாம்!"

கூட்டம் மொத்தமும் எங்கள் வண்டிப் பக்கம் திரும்பியது. ரெஹானா சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். இஸ்மாயில் பாய் அணையவில்லை. ஒருவன் எழுந்து ஓடி வந்து வண்டிக் கதவில் ஓங்கித் தட்டினான். "யோவ், எங்களப் பாத்தா கிண்டலா கீதா உனுக்கு?" இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினேன். முதலில் ஹாரன் செத்தது, அப்புறம் விளக்கு, அதற்கப்புறம்தான் பாய்.

வெள்ளைச் சட்டைக்காரர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய்," என்றார், "எங்க கோரிக்கைய கிலோ கணக்குல விக்கிறியா?" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கட்டிப்போன தொண்டையில் அந்தச் சிரிப்பு இருமலாகத்தான் வந்தது. அதைப் பார்த்துக் கூட்டமும் சிரித்தது. போலீஸ்காரர் ஒருவர் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். கதவைத் தட்டியவன் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "நெசமா வெங்காயம் கீதா?" என்று கேட்டான். டிராக்டரை ஒரு வேன் போகும் அளவுக்கு நகர்த்தினார்கள். "போய் நல்லபடியா தாலி கட்டு" என்று மாப்பிள்ளையின் தோளைத் தட்டிவிட்டு, வெள்ளைச் சட்டைக்காரர் மறுபடியும் ரோட்டில் போய் உட்கார்ந்தார்.

கச்சிராயபாளையத்தில் ஹாரனையும் விளக்கையும் சரிசெய்து, பெட்ரோல் போட்டோம். நீங்களும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. பதினோரு பேர், ஒரு அண்டா, கட்டில் பலகைகள். (இது சட்டப்படி தப்பு, ஆபத்து. எங்களைப் பார்த்து யாரும் செய்யாதீர்கள்.) செங்குத்தான வளைவுகளில் எல்லோரும் இறங்கி நடந்தார்கள், ரெஹானா மட்டும் வண்டியை ஏற்றினாள். புதுச் சட்டை அழுக்காகிவிடும் என்று அம்மா கத்தக் கத்த மாப்பிள்ளை பின்னாலிருந்து தள்ளினான். நான் ஓரமாக வாந்தி எடுத்தேன்.

பாதி மலையில் ஒரு வளைவு. திடீரென்று வண்டிக்குள் இருட்டிவிட்டது. கட்டு அவிழ்ந்து, என் எட்டு அங்குல மெத்தை கூரையிலிருந்து சரிந்து முன்கண்ணாடியை முழுவதும் மூடிவிட்டது. இடதுபுறம் பள்ளம். நான் அலறினேன். ரெஹானா அலறவில்லை. பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கை இழுத்து, "கல்லு வைங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னால் இருந்தவர்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். இறங்கிப் பார்த்தேன். பள்ளத்துக்கும் டயருக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது.  ரெஹானா இன்னும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடியே இருந்தாள். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அதை வாங்கத்தான் கையை எடுத்தாள்.

இனி மெத்தையைக் கூரையில் வைப்பதில்லை என்று முடிவாகி, ஆளுக்கொரு மூலையாக நாலு பேர் பிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். திரும்பிப் பார்த்த பச்சையம்மா பதறிப்போனார்.

"டேய்! கல்யாணத்துக்குப் போவும்போது இன்னாடா நாலு பேரு தூக்கிக்கினு வர்றீங்க! தலையில வைங்கடா, தலையில!"

மெத்தை தலைக்கு மாறியது.

வெள்ளிமலையைத் தாண்டி இன்னும் சில கிலோமீட்டரில் பெண் வீடு. மாலை வெயில் இருக்கும்போதே போய்விட்டோம். வரமாட்டார்கள் என்று வாசலில் கவலையாக உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா, வண்டியிலிருந்து அண்டா இறங்குவதைப் பார்த்து எழுந்து நின்றார். நடந்ததையெல்லாம் பச்சையம்மா சொன்னார். வெங்காயத்தை இரண்டு முறை சொன்னார். பிறகு பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார்.

"பாய், ஆடு கட்டி வெச்சிருக்கோம். நீங்களே வந்து அறுத்துக் குடுங்க. அப்பதான நீங்களும் சாப்பிட முடியும்?"

அந்த மரியாதை என்னை உருக்கிவிட்டது. ஆனால் நான் வாழ்நாளில் அறுத்ததெல்லாம் மெத்தைப் பஞ்சு மட்டும்தான். ஆட்டைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. "நான் கறி சாப்பிடறதில்லீங்க" என்றேன்.

ரெஹானா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங்க," என்றாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "எங்க வூட்ல இவரு சுத்த சைவம்." எங்களுக்காகத் தனியாக அவரைக்காய்ச் சாம்பார் வைத்தார்கள். சாமைச் சோற்றோடு அது உண்மையிலேயே அருமை. ஊர் திரும்பி ஒரு வாரம் எங்கள் வீட்டில் கறியே எடுக்கவில்லை. கேட்டால், "நீங்கதான் சைவமாச்சே" என்பாள்.

அன்று எங்கள் கேம்பர் வேனில் படுத்தது நாங்கள் இல்லை. வீடு நிறைய ஆள், வெளியே கடும் குளிர். பச்சையம்மாவும் அவர் நாத்தனாரும் வேனில் மெத்தையை விரித்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நாங்கள் ஒரு வீட்டு மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொடுத்த பாயில் தூங்கினோம். விடிந்ததும் சின்னசாமி தாலி கட்டினான். கட்டி முடித்த கையோடு நிமிர்ந்து கூட்டத்தில் எங்களைத் தேடிப் பார்த்தான். ரெஹானா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள். அங்கே அடுப்பே எரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மலைக்கு வெளிச்சத்தில் ஏறி வெளிச்சத்தில் இறங்குங்கள். பிரேக்கை நம்பகமான மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். வேனை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் பிறகு கேட்டு அலைந்தோம். தையில் மேலே நல்ல குளிர், கம்பளி வேண்டும். மெத்தை நாலு அங்குலம் போதும், இதை ஒரு மெத்தைக் கடைக்காரன் சொல்கிறேன். எங்களுக்கு வண்டி, மரவேலை, ஒயரிங் எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குள் முடிந்தது.

கல்யாணச் சாப்பாடு முடித்து, அவர்கள் கொடுத்த சாமை மூட்டையோடு கிளம்பினோம். வண்டியில் நாங்கள் இரண்டே பேர். இறக்கத்தில் அகலமான ஒரு இடமாகப் பார்த்து ரெஹானா ஓரங்கட்டி வண்டியை அணைத்தாள். கீழே வயல்கள், தூரத்தில் அணைத் தண்ணீர், காற்று. வீடியோக்களில் வருவது போலவே இருந்தது.

"எவ்ளோ அமைதியா கீது பாத்தியா?" என்றேன்.

அவள் திரும்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "காலியா கீது" என்றாள்.

அதற்கு மேல் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. அடுத்த வளைவில் இரண்டு பெண்கள் தலையில் மூட்டையோடு பேருந்துக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் கை காட்டக்கூட இல்லை. ரெஹானா பிரேக் போட்டாள். நான் இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.