எங்கள் வீட்டு ஆசாரம்

அண்ணன் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு நாலு வார்த்தை எழுதும்படி நங்கை கேட்டுக்கொண்டார். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

பரமத்தி வேலூர்ச் சாலையோரம் பாட்டனார் கட்டிய தொட்டிக்கட்டு வீட்டில் அண்ணன் பிறந்தார். நடுவில் வானம் பார்த்த முற்றம். முன்னால் தேக்குத் தூண்கள் தாங்கும் பெரிய கூடம். அந்தக் கூடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆசாரம் என்று பெயர். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்த சுவரில் முகம் பார்க்கலாம். எங்களைப் பெற்ற ஐயன் காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. வெற்றிலைக் கொடிக்காலைக் காவிரி வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. மறுபடி கொடி நட்டு, தங்கைகளான எங்களைக் கட்டிக்கொடுத்தார். அத்தனை கஷ்டத்திலும் கூரையில் ஓர் ஓடு பெயர விடவில்லை.

வந்தவர்களையெல்லாம் தூண் தூணாக அழைத்துப் போய், விரலை மடக்கித் தட்டி, "கேட்டீங்களா, வெங்கலமாட்டச் சத்தம்!" என்பார். இலையில் சோறு ஆறிப்போகும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. கடைசியில் என் மாமியார், "தூணெல்லாம் பாத்துட்டோமுங்க. புள்ளை எந்தத் தூணுக்குப் பின்னால நிக்குதுங்க?" என்று கேட்டேவிட்டார்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் சாலையை அகலமாக்க வேண்டும் என்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அதிகாரி ஒருவர் வந்து அளந்து, எங்கள் வாசற்படிக்கு உள்ளே முளை அடிக்கச் சொன்னார். முன்கூடம் முழுவதும் போய்விடும். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கைகூப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆசாரத்தை மட்டும் அழிச்சுப்போடாதீங்க சாமி."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஆசாரமா? எத்தனை காலமாய்?"

"பாட்டன் காலத்துல இருந்துங்க."

"உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா?"

"இல்லீங்க. ஆரு வேணும்னாலும் வந்து உக்காரலாமுங்க."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "ஜனங்களுடைய ஆசாரத்தில் சர்க்கார் கை வைக்காது" என்று சொல்லி, முளையைப் பிடுங்கி, எதிர்ப்பக்கம் இருந்த எங்கள் களத்தில் அடிக்கச் செய்தார். களத்தில் பாதி போனதற்கு அண்ணன் தெருவுக்கே வெல்லம் கொடுத்தார்.

கதவுக்குப் பின்னால் நின்ற நங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க, அவரு நம்ம ஊட்டுக் கூடத்தையா நெனச்சாரு? ஏதோ சாமி காரியத்து ஆசாரம்னு நெனச்சுட்டுப் போறாருங்க!"

அண்ணன் முகம் தொங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அதிகாரி தங்கியிருந்த பங்களாவுக்கு ஓடினார். அதிகாரி பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார். திரும்பி வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர், "சரி, நாம சொன்னது பொய்யாக வேண்டாம். மெய்யாவே ஆக்கிப்போடலாம்" என்றார்.

அடுத்த சந்தை நாளில் ஆசாரத்தில் ஒரு பானை கம்மங்கூழும் ஒரு பானை மோரும் வைத்தார். யார் வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டாரே. யார் யாரோ வந்தார்கள். அதுவரை தெருவில் நின்றே எங்களோடு பேசிய கொடிக்கால் ஆட்களும், கூடைக்காரப் பெண்களும் தேக்குத் தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "ஆசாரம் கெட்டுப்போச்சு" என்று எங்கள் மாமா வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார். வழியில் பார்த்தால் அண்ணன் விடமாட்டார். "கெடலீங்க மாமா. ஆளுக உக்கார உக்காரத் தரை மெருகேறுது, வந்து பாருங்க!" உலகச் சண்டைக் காலத்தில் தானியம் கிடைக்காமல் கூழ் நீர்த்தது; பிறகு மோர் மட்டும் என்றாயிற்று. ஆனாலும் ஒரு சந்தை நாளும் தவறியதில்லை.

கடைசிக் காய்ச்சலிலும் தூணுக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்றுதான் கேட்டார். ஒரு சந்தை நாள் காலையில் அமைதியாகக் கண்மூடினார். ஆசாரத்தில்தான் கிடத்தினோம். இழவு வீட்டில் அடுப்பு எரியாது. மோர்ப் பானை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. சந்தைக்கு வந்த கூடைக்காரப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள். உச்சி வெயிலில் ஆளுக்கொரு கலயம் மோருடன் திரும்பி வந்து, அழுது ஓய்ந்திருந்த எங்களுக்கும், தூரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். மாமாவும் வந்திருந்தார். அவர்கள் கையால் வாங்கி, தூணில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தார். எனக்கு மறுபடி அழுகை பீறிட்டது. அண்ணன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இரவு பகல் பாராமல் வைத்தியம் பார்த்தவருக்கும், காரியங்களை எடுத்துச் செய்த பங்காளிகளுக்கும், கலயம் சுமந்து வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நங்கை சந்தை நாளில் பானை வைப்பதை விடவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்கள் உள்ளே வந்து உட்கார வேண்டும். தூணைத் தட்டிக் காட்ட அண்ணன் இல்லை. நீங்களே தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை